ஓர் எழுத்து தின்ற பறவைகள்

மார்ச் 3, திங்கள்

எங்கள் பறவை ஆய்வுக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் போடில், இன்றும் கணினியில் தேதிகளைக் கையால் மாற்றிக்கொண்டிருக்கிறாள். பத்தொன்பது வருடமாக அவள் எண்ணிய கடற்பறவைகள், 228 கோப்புகள். நாள், மாதம், வருடம் என்றிருப்பதை வருடம் முதலில் வரும்படி மாற்றி வெள்ளிக்குள் கோபன்ஹேகன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? பெர்ல் என்ற நிரல்மொழியில் ஒரே வரி போதும் என்றேன். சீட்டில் எழுதியும் கொடுத்தேன். -e என்றால் கட்டளை அந்த வரியிலேயே இருக்கிறது. -p ஒவ்வொரு வரியாகப் படித்து, வேலையை முடித்து, திரும்ப எழுதும். -i அதை அதே கோப்பில் போடும். s-க்குப் பின் இரண்டு அறைகள்: தேடுவது ஒன்றில், பதிலுக்கு வைப்பது மற்றதில். பிடித்த எண்களை $3-$2-$1 என்று புரட்டிப் போடலாம்.

"கேக்குக்கு மாவு வாங்கி வெச்சுக்கோ," என்றாள்.

இங்கே சொதப்புகிறவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். ஃபிரிட்ஜ் கதவுப் பட்டியலில் பதினொரு வருடமாக என் பெயர் ஏறியதில்லை. ஏறவும் ஏறாது.

மார்ச் 4

ஒரு கோப்பில் சோதனை. வரிக்கு முதல் தேதி மட்டும் மாறியது. வரியில் உள்ள எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் g-ஐக் கடைசியில் போட மறந்திருக்கிறேன். போடில் பார்க்கவில்லை, நல்லவேளை.

மார்ச் 5

காலையில் -n வைத்துத் தேதி உள்ள வரிகளை மட்டும் பார்த்தேன். -n படிக்கும், எழுதச் சொன்னால்தான் எழுதும். பிறகு அதே வரியைத் திருத்தி, -i சேர்த்து, எல்லாக் கோப்புகள் மேலும் ஓட்டினேன். n-ஐ p ஆக்க மறந்துவிட்டேன். எதுவும் எழுதப்படவில்லை. 228 கோப்பும் காலி.

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்! -i பின்னால ஒரு .bak ஒட்டியிருந்தாப் பழசு பக்கத்துலயே பத்திரமா இருந்திருக்குமே — ஏன் ஒட்டல?

போடிலிடம் சொன்னேன். "அப்படியா," என்று காபியைக் கலக்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 6

"உன் பழைய நோட்டுகளைக் கொடு, முதல்லேர்ந்து நானே அடிக்கிறேன்," என்றேன். அப்போதுதான் மனம் இரங்கினாள். திங்கள் சாயங்காலமே எல்லாக் கோப்புகளையும் வீட்டுக் கணினிக்கு எடுத்துப்போய், நான் கொடுத்த வரியைத் தானே ஓட்டிப் பார்த்திருக்கிறாள். தேதிகள் அத்தனையும் மாறியிருந்தன. ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் ஒரு .bak.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கையேட்டைப் படிச்சேன், பிரெபென். நீதான் படிக்கறதே இல்ல."

"நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா, ராட்சசி!"

"பதினொரு வருஷமாக் காத்திருந்தேன்ப்பா. ஒரு நாளாவது ரசிக்க வேண்டாமா?"

மார்ச் 7

மூன்றடுக்குக் கிரீம் கேக். பட்டியலில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

மார்ச் 14

கோபன்ஹேகனிலிருந்து கடிதம். கோப்புகள் சரியாக இருக்கின்றனவாம். மற்ற பறவை ஆய்வுக் கூடங்களுக்குப் பெர்லில் சந்தேகம் வந்தால் இங்கே யாரைக் கேட்பது என்கிறார்கள். போடிலின் பெயரை எழுதி அனுப்பினேன்.