பேரமில்லாமல் கிடைத்த பாதி வாடகை

கூடப்பிறக்காத அண்ணனே, என் பிரியத்துக்குரிய நானா,

நீங்கள் கண்மூடிய பிறகு உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் முதல் செய்தி இதுதான். என் கடை இருக்கும் உங்கள் கட்டடத்துக்கு நான் கொடுக்கும் வாடகை இந்த மாதம் முதல் பாதி. நான்தான் கேட்டேன்.

கடையில் முன்போல வேலை இல்லை. பிள்ளைகள் பாடக்குறிப்புகளைப் போனிலேயே படித்துவிடுகிறார்கள். போட்டோக்கொப்பி மெசின் பெரும்பாலும் சும்மா நிற்கிறது. வாடகையில் கால் பங்கு குறைந்தால் சமாளித்துவிடுவேன். ஆனாலும் பாதி கேட்பதென்று தீர்மானித்தேன். நம் இருவருக்கும் அதுதானே வழக்கம்? நான் பாதி கேட்பேன். "அப்ப மாஸ்டர், கடையை நான் நடத்திறன், வாடகையை நீங்க வாங்குங்கோ" என்று வவுனியாச் சந்தைக்கே கேட்கும்படி சிரிப்பீர்கள். பிறகு நடுவில் எங்கேயாவது வந்து நிற்போம்.

உங்கள் மனைவி, கணவனை இழந்தவர்கள் துக்கம் காக்கும் இத்தா இருப்பதால் வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. அவர் அறைக்குள், நான் விறாந்தைக் கதிரையில், நடுவே ஒரு திரை.

"சொல்லுங்கோ மாஸ்டர், கேக்குது."

நான் பயந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் முகம் சற்றுச் சுருங்கினாலே பேச்சை நிறுத்திவிடுவேன். அன்று பார்ப்பதற்கு முகம் இல்லை. ஒழுங்குபடுத்தி வைத்திருந்த காரணங்கள் ஒன்றும் தவறாமல் வந்தன. எதிர் வீதியில் மலிவாகக் கடை இருக்கிறது என்றேன். கூரை ஒழுகுகிறது என்றேன். பின் மூலையில் எப்போதாவது ஒரு சொட்டு விழுவதை அப்படிச் சொல்லலாமா, நானா?

பாதி என்று சொல்லிவிட்டு, அவர் மறுப்பதற்காகக் காத்திருந்தேன்.

"சரி மாஸ்டர். நீங்க அநியாயமாக் கேக்க மாட்டீங்க எண்டு அவர் சொல்லுறவர். பாதியே தாங்கோ."

கால் பங்கு குறைத்தால் போதும் என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. "பெரிய உதவி, தங்கச்சி" என்றேன். வந்த தேத்தண்ணியையும் குடித்தேன்.

வெளியேறும்போது வாசல் படலையில் உங்கள் மகள் ஓடி வந்தாள். "மாமா, மழைக்கு முந்திக் கூரையைத் திருத்தித் தாறமாம், உம்மா சொல்லச் சொன்னவ. ஓடு மாத்துற ஆள் ஆரையும் தெரியுமோ?"

"பாப்பம் பிள்ளை" என்று சைக்கிளைத் திருப்பினேன். அந்த வாடகையை விட்டால் உங்கள் வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை என்பது எனக்குத் தெரியாததா?

மறுநாளே போயிருக்கலாம். "அப்ப ஏன் பாதி கேட்டீங்க?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தே இத்தனை நாள் போய்விட்டது. அவர் கேட்கவே மாட்டார் என்பது அதைவிட வெட்கமாக இருக்கிறது.

நாளை பின்னேரம் போகிறேன். முக்கால் வாடகை தருவதாகவும், கூரை நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சொல்வேன். அவர் கேட்காவிட்டாலும் ஏன் பாதி கேட்டேன் என்பதையும் சொல்வேன். "பரவாயில்லை மாஸ்டர்" என்று அவர் விட்டுக்கொடுக்கப் பார்த்தால், சம்மதிக்கும் வரை அந்தக் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நீங்கள் வாய்க்கு வாய் மாஸ்டர் என்று கூப்பிட்ட,
உங்கள் தம்பி