பாலத்துக்குக் கொடுத்த வீடு

2011 பிப்ரவரி 9

அளவெடுக்க வந்தவர்கள் எங்கள் வாசல் சுவரில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். ஆற்றுப்பாலம் எங்கள் தெருவில்தான் வந்து இறங்கப் போகிறதாம். இவருக்கு வாயெல்லாம் பல். பால அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர் அல்லவா! "அக்கரை ஆஸ்பத்திரிக்குப் பத்தே நிமிஷம். படகுக்குக் காத்துக் கெடக்க வேணாம்." சரி, என் தையல் மிஷினை எங்கே கொண்டுபோய் வைப்பது? கேட்டேன். காதில் விழவில்லை.

பிப்ரவரி 27

தெருவில் ஒருவரும் மசியவில்லை. அதனால் எங்கள் வீட்டையே முதலில் எழுதிக் கொடுத்துவிட்டார். "நானே குடுத்துட்டேன், உங்களுக்கென்ன பயம்?" என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். எதிர்வீட்டில் இருக்கும் என் தங்கச்சி படித்துக்கூடப் பார்க்கவில்லை. "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் 14

இடித்தார்கள். முன்சுவர் விழுந்ததும் என் சமையலறையின் பச்சைப் பெயின்ட் தெருவுக்கே தெரிந்தது. கூச்சமாக இருந்தது. ஏன் கூச்சம்? தெரியவில்லை.

2013 மார்ச் 3

வாடகை மாடியில் வெயில் கொளுத்துகிறது. இவர் ஆற்றுக்குக் கூட்டிப்போய்த் தூண்களைக் காட்டினார். எங்களுக்குப் பிள்ளை இருந்திருந்தால்கூட இப்படிப் பூரித்திருப்பாரா?

நவம்பர் 20

அமைச்சரை மாற்றிவிட்டார்கள். பாலத்துக்கு இந்த இடமே தப்பு என்று புது அமைச்சர் வேலையை நிறுத்திவிட்டார். "சும்மா ஒரு மாசம்" என்கிறார் இவர்.

2014 ஆகஸ்ட் 11

அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை.

2015 மே 6

தங்கச்சி வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. பாலம்தான் வருகிறதே என்று துறையில் ஓடிய பெரிய படகை ஊரார் எப்போதோ விற்றுவிட்டார்கள். இருக்கிற ஒரே படகு அக்கரையில் நின்றது. அது வருவதற்குள் துறையிலேயே — என்னால் எழுத முடியல.

தங்கச்சி அழக்கூட இல்லை. இவரைப் பார்த்து, "பத்து நிமிஷம்னு சொன்னீங்களே மாமா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

2017 ஜனவரி 18

ஆற்றுக்கு மேற்கே வேறு பாலமாம். அங்கேயும் வீடுகள் போகவேண்டும். அதிகாரி இவரைக் கூப்பிட்டு, "நீங்க பேசினா ஜனங்க கேப்பாங்க" என்றாராம்.

"எந்த வாயால பேசுவீங்க?" என்றேன்.

"ஜனங்களுக்குப் பாலம் வேணும்ல. அதுவா தப்பு?"

அது தப்பில்லைதான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

ஜனவரி 29

வீடுகள் போகவிருக்கிற அந்த ஊருக்கு இவரோடு நானும் போனேன். புறப்பட்டபோது அவருக்குச் சந்தோஷம், துணைக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டத்தான் நான் மொதல்ல குடுத்தேன்" என்று அதே குரலில் ஆரம்பித்தார். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

"வாடகை வீட்டுல. பாலம் வரல. என் தங்கச்சி புருஷன் படகுக்குக் காத்திருந்து செத்துப்போனார்" என்றேன்.

யாரும் கையெழுத்துப் போடவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தார்.