முறத்தில் தனியாகத் தெரியும் அரிசி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டுவலி தேவலையா? அம்மாவுக்கு இன்னும் தலை சுற்றுகிறதா?

நான் ஜெயித்துவிட்டேன், அப்பா! எங்கள் அரிசி ஆலையில் இரத்ததான முகாம் நடந்தது. போன தடவை, "உனக்கே ரத்தம் பத்தல, நீ யாருக்குக் குடுக்கப் போற?" என்று விரட்டிய அதே நர்ஸ், இந்த முறை ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "அடேயப்பா, அப்படி என்னம்மா சாப்பிட்ட?" என்றார். "நாங்க கலக்குற அரிசிதாங்க!" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அரிசிமாவில் இரும்புச்சத்தும் வைட்டமினும் சேர்த்து, அரிசி போலவே வார்த்து, பாக்கெட் அரிசியில் கலக்கிறோம். கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். வந்த புதிதில் நானும் நம் வீட்டு வழக்கப்படி, பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிந்தேன். சூப்பர்வைசர் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, சத்தைத்தானே எறியிற!" அன்றோடு விட்டேன்.

நம் வீட்டுப் பாக்கெட்டிலும் அதுதான் வருகிறது. நீங்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு முறத்தில் தேடித் தேடி எறிவதும் அதைத்தான். இனி அது அம்மா தட்டுக்குப் போகட்டும். சோறு வைக்கும்போது ஒரு போன் போடுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, குக்கர் சத்தம் கேட்டால் போதும்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். முறத்தில் மஞ்சளாக ஒன்று தனியாகத் தெரிந்தால், மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே எறிந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்