ஈரம் புலராமுன் கயிறு பிடிக்க

ஏரி நிறைக. மதகு தாங்குக. அளவு பிழையாதிருக்க.

ஏழு ஏரிகளுக்கு ஒரே கரையாய் நிற்கும் நெடுங்கரை நாட்டின் பேரமைச்சரும், முத்திரை மோதிரம் காப்பவரும், மறைந்த மன்னரிடம் ‘குழப்பம் தீர்த்தான்’ என்னும் பட்டம் பெற்றவரும், அப்பட்டத்தை இவ்வாண்டு மட்டும் அணியாமல் பெட்டியில் வைத்திருப்பவருமாகிய நம்பி மாறனார் சொல்ல எழுதிய ஓலை.

கல்மேட்டு நாட்டின் வேளும், முடிசூட்டு நாளில் தோள்கயிறு பிடிக்கும் பரம்பரை உரிமையாளரும், பிறவியிலேயே நேர்க்கூந்தல் வாய்த்த குடியின் தலைவருமாகிய எயினனார் காண்க. தங்கள் குன்றுகளில் தினை முற்றுக. தங்கள் மாடங்களில் புறா தங்குக. தங்கள் குடுமி எம்மழைக்கும் கலையாதிருக்க.

தாங்கள் விடுத்த ஓலையும், உடன் வந்த இரண்டு பானைக் களிம்பும் பழுதின்றி வந்து சேர்ந்தன. ஓலையில் தாங்கள் வினவியது ஒன்று: இளவரசி கொற்றி நாச்சியாரின் கூந்தல் நாளுக்கு நாள் குறுகி வருவதாகக் கேள்விப்படுவது மெய்யா? வினவாமல் உணர்த்தியது மற்றொன்று: தைப் பௌர்ணமியன்று முடிசூட்டுக்குமுன் கூந்தலை அளக்கக் கயிறு பிடிக்கையில் அது தோளைத் தொடாவிட்டால், நம் வழக்கப்படி அரியணை அடுத்த உரிமையாளருக்குப் போகும். அடுத்த உரிமையாளர் தங்கள் மருமகன். அவர் கூந்தல் முதுகு வரை நேராகத் தொங்குகிறது என்பதைத் தாங்கள் ஓலையில் மூன்று இடங்களில் நினைவூட்டியிருந்தீர்கள். மூன்றும் கவனிக்கப்பட்டன.

முதல் வினாவுக்கு அமைச்சரின் விடை: ஆம், குறுகுகிறது. வளர்ந்துகொண்டே குறுகுகிறது. அதெப்படி என்று தாங்கள் கேட்பீர்கள். அமைச்சரும் ஓராண்டாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாடறிந்தபடி, அரச குடியில் பிறந்தோர் ஒன்பதாம் வயது முதல் மண்டலத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பும் வாழைச்சாம்பல் காரமும் கூட்டிய களிம்பைத் தலையில் அப்பிச் சுருளை நீக்கிக்கொள்வது வழக்கம். ஏன் என்று எவரும் கேட்டதில்லை. எரிகிறது என்று மட்டும் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் ஆவணியில், நாச்சியார் களிம்புத் தலையோடு அவையில் அமர்ந்திருக்க, ஐந்தாம் ஏரி மதகு பற்றி அமைச்சர் பேசத் தொடங்கினார். பேச்சு நீண்டது. எழுந்து போக முறையில்லாமல் நாச்சியார் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். உச்சந்தலை கொப்புளித்தது. அவை கலைந்ததும், “மதகு விவகாரம் தீர்ந்ததா அமைச்சரே? அப்படியானால் இதுவும் தீர்ந்தது. இனி என் தலையில் ஒரு பொட்டுக் களிம்பு படக்கூடாது” என்று அருளினார். அமைச்சர் அந்த மதகை அதன்பின் சென்று பார்க்கவேயில்லை.

முடி தானே, வளர்ந்தபடி வளரட்டும் என்று அவர் அன்று எண்ணியது பிழை. முதலாண்டு முழுவதும் நாச்சியாரின் தலையில் இரண்டு கூந்தல் இருந்தன. மேலே பாகற்கொடி, கீழே தென்னை ஈர்க்கு. இரண்டும் சேருமிடத்தில் சீப்பு பட்டால் ஒடிந்தது. அயல்நாட்டுத் தூதர் ஒருவர், தாம் இரண்டு இளவரசியரைக் கண்டு மீண்டதாகத் தம் மன்னருக்கு எழுதிவிட்டார். ஓராண்டு இவ்வாறு கழிந்தபின், சென்ற ஆண்டு ஆவணியில் நாச்சியார் தாமே கத்திரி எடுத்து ஈர்க்கு முழுவதையும் நறுக்கி எறிந்தார். மிஞ்சியது துள்ளிக் காதுக்கு மேல் ஏறிக்கொண்டது.

அன்று முதல் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அமைச்சர் கயிறு வைத்து அளந்தார். மாசியில் ஆறு விரல். பங்குனியிலும் ஆறு. ஆடியில் ஏழு கண்டு அரண்மனையில் பாயசம் வைத்தார்கள். ஐப்பசி அடைமழையில் ஐந்து. பாயசம் வைத்தது அவசரம் என்று பேச்சு எழுந்தது. அமைச்சர் முதலில் கயிற்றைச் சந்தேகித்துப் பெட்டியில் பூட்டினார். பிறகு எலியைச் சந்தேகித்தார். முடிவில், நாச்சியாருக்குத் தலைவாரும் சாத்தி என்பவளை அழைத்து, யார் தூண்டுதலால் வெட்டுகிறாய் என்று விசாரித்தார். அவள் வாக்குமூலம் சொன்னது சொன்னபடியே இங்கு எழுதப்படுகிறது:

“நல்லா இருக்குய்யா நியாயம்! நான் வெட்டுனா வெட்டுன முடி கீழ கிடக்கணுமில்ல? கூட்டிப் பாத்துக்கங்க. அது வளருதுங்க. வளந்து தனக்குள்ளயே சுத்திக்குது. உங்க கயிறு நேரா இறங்குது, அவுக முடி சுத்திச் சுத்தி இறங்குது. ரெண்டும் ஒரே நேரத்துல ஊரு போய்ச் சேருமா?”

இவ்வாறு கூறி அவள் ஒரு சுருளைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அது தோளைத் தாண்டி வந்தது. விட்டாள். காதுக்கே திரும்பிப் போயிற்று. அமைச்சர் நம்பாமல், நாச்சியாரின் அனுமதி பெற்று, தாமும் பதினேழு முறை இழுத்துப் பார்த்தார். பதினெட்டாம் முறை, “போதும் ஐயா, இது கிணற்றுக் கயிறு இல்லை” என்று உத்தரவாயிற்று.

தங்கள் பானைகள் வந்தது அப்போதுதான். அமைச்சர் அவற்றைச் சுமக்கச் செய்து நாச்சியாரிடம் சென்று, ஒரே ஒருமுறை, அரியணைக்காக, என்று இரு கை கூப்பி வேண்டினார் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாச்சியார் கூறியது: “அரியணை எனக்கு வேண்டும். வேண்டாமென்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். நீங்கள் பேசிய மதகுப் பேச்செல்லாம் அதற்காகத்தானே உட்கார்ந்து கேட்டேன்? ஆனால் எரிகிற தலையில் மகுடத்தை வைத்தால், வழக்குச் சொல்ல வருகிறவன் மேல்தான் எரிந்து விழுவேன். பானையைத் திறந்தால் முதல் பூச்சு உங்கள் தலைக்குத்தான்.” அமைச்சரின் தலையில் களிம்புக்கு வேலை இல்லாது போய் இருபது ஆண்டாகிறது. எனினும் பானை திறக்கப்படவில்லை.

வழி தெரியாத அமைச்சர் கார்த்திகை முதல் நாளன்று, இந்நாட்டின் முதல் அரசியாரின் கற்சிலை முன் நின்றார். அச்சிலை தலையில் நெல்லிக்கனி மகுடம் தரித்திருப்பதும், அதனால் நாம் ஆண்டுதோறும் ஒரு கூடை நெல்லிக்காய் படைப்பதும், பின் அவையோர் அதைத் தின்று முகம் சுளிப்பதும் தாங்கள் அறிந்தவை. கூடை சுமந்து உடன் வந்த சாத்தி சிலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஐயா, இதா நெல்லிக்காய்? எங்க நாச்சியா தலையால்ல இருக்கு!” என்றாள். அமைச்சர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். ஒவ்வொரு கனியும் வகிட்டிலிருந்து முளைத்திருந்தது. இருநூறு ஆண்டாக இந்நாடு சுருள்முடிக்கு நெல்லிக்காய் படைத்து வந்திருக்கிறது.

அவ்வாறாயின் அவ்வம்மையார் தோள்கயிற்றை எவ்வாறு வென்றார்? அமைச்சர் பீடத்தில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டச் சொன்னார். கீழே சட்டம் இருந்தது: முதலில் ஏழு ஏரி நீரால் ஆட்டுக, ஈரம் புலராமுன் கயிறு பிடிக்க. நாமோ முதலில் கயிறு பிடித்துப் பிறகு நீராட்டி வருகிறோம். ஆவணங்களைத் துழாவியதில் காரணமும் கிடைத்தது. பட்டு நனைகிறது என்று முறையை மாற்றும்படி மனு எழுதியவர் தங்கள் முப்பாட்டனார். அவர் கையெழுத்து அழகாயிருக்கிறது.

அன்றே ஏழு குடம் நீர் வார்த்து அளந்தார்கள். கூந்தல் தோளைத் தொட்டு ஒரு விரல் மிஞ்சியது. நாலு நாழிகை வெயிலில் மீண்டும் காதுக்கு ஏறியது. இதில் எது மெய்யான நீளம் என்று அமைச்சர் வினவ, “இரண்டும் என்னுடையதுதான்” என்றார் நாச்சியார். இவ்விடையைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்பது அமைச்சருக்கு இன்றளவும் விளங்கவில்லை. அரியணைக்கு ஈர அளவே போதும் என்பது மட்டும் விளங்கிற்று.

ஆதலின் ஆணை யாதெனில்: தைப் பௌர்ணமியன்று பழைய சட்டப்படியே நீராட்டு முதலில், கயிறு பிறகு. கயிறு பிடிக்கும் தாங்களும் சட்டப்படி உடன் நனைய வேண்டும். பட்டைத் தவிர்த்து வருக. தங்கள் இரண்டு பானைகளும் அன்றுவரை கருவூலத்தில் பூட்டப்பட்டிருக்கும். அன்றுவரை கல்மேடு உட்பட நாட்டில் எங்கும் களிம்பு காய்ச்சும் அடுப்பு எரியக்கூடாது.

இதில் தங்களுக்கு வருத்தம் இராது என்றே அமைச்சர் நம்புகிறார். தங்கள் குடி பிறவியிலேயே நேர்க்கூந்தல் குடி. களிம்பு தங்களுக்கு எதற்கு? ஆயினும் அப்பானைகள் தங்கள் சொந்த வீட்டு உக்கிராண அறையிலிருந்து வந்தவை என்று தங்கள் தூதர் வாய்தவறிச் சொன்னார். ஐப்பசி மழையில் தாங்கள் இங்கே கோயிலில் குனிந்து திருநீறு பெற்றபோது, “கல்மேட்டாரு காதுக்குப் பின்னால ரெண்டு சுருள் எட்டிப் பாத்துச்சுங்க” என்று சாத்தியும் சொன்னாள். அமைச்சர் அவளை மறந்துவிடச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு நினைவாற்றல் அதிகம்.

தைத் திங்களுக்குள் தங்கள் நெற்றியோரம் எது முளைத்தாலும் அஞ்சவேண்டாம் என்று தெரிவிக்கும்படி நாச்சியாரே சொன்னார். இங்கே அகன்ற பல் சீப்பு இருக்கிறது. நல்லெண்ணெய் இருக்கிறது. முதல் ஓராண்டுதான் கடினமாம்.

கார்த்திகை நான்காம் நாள், ஏரிக்கரை முத்திரை இடப்பட்டது. இவ்வாணை நீர் உள்ளவரை நிற்க.

ஓலை சுருளாகக் கட்டப்பட்டுள்ளது. இழுத்து நேராக்கினால் ஒடியும், பொறுமையாக விரிக்க. இக்குறிப்பு ஓலையின் தொடக்கத்தில் இல்லாமல் முடிவில் இருப்பது அமைச்சரின் குழப்பத்தால் நேர்ந்த பிழை.