நான் முறுக்கிய கம்பி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் பாதி பொய், உடம்பளவில் சுகம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், திட்டினால் வலி தெரியவில்லையாம். உன் தம்பி புது வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, ஷூவுக்குப் பாலீஷ் போடவே காலையில் அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறான். கடையில் ஐந்தாறு தையல் மெஷின் பிரித்தபடி கிடக்கிறது. பதினைந்து நாளாக எதிலும் கை ஓடவில்லை. காரணத்தைப் போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன், நீ மறுமுனையில் ஏதோ சொல்லிச் சிரித்தாய், நான் வேறு பேச்சுப் பேசி வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

நீ கேட்டது சின்னக் கேள்வி. பல்லுக்கு மறுபடி கிளிப் போடப் போகிறேன், உலோகக் கிளிப்பா, பல் நிறத்தில் வருவதா, கழற்றி மாட்டுகிற, வெளியே தெரியாத தட்டா, நீங்கள் மெக்கானிக் ஆயிற்றே, எது நல்லது என்று சொல்லுங்கள் என்றாய். அங்கே எடுத்த எக்ஸ்ரே படத்தையும் அனுப்பினாய், கிளிப்புக்கு அளவு எடுக்கும் அன்றைக்குத்தான் உன் டாக்டர் அதைப் பார்ப்பாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் மகள் அப்பாவிடம் யோசனை கேட்கிறாள் என்று பக்கத்துக் கடையில் படத்துக்கு பிரேம் போடுகிறவரிடம் இரண்டு தடவை சொன்னேன், மூன்றாம் தடவை சொல்லப் போனபோது அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். சரி, முறையாக விசாரித்துச் சொல்வோம் என்று பெரிய தெருவில் புதிதாக வந்திருக்கிற பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல் வரிசை பார்க்கவென்றே அங்கே ஒரு டாக்டரம்மா இருக்கிறார், உன் வயதுதான் இருக்கும். மூன்று மாதிரியையும் மேஜையில் வைத்துப் பொறுமையாகச் சொன்னார். உலோகம் பார்க்க எடுப்பாகத் தெரியும், ஆனால் எப்பேர்ப்பட்ட கோணலையும் இழுத்துவிடும். பல் நிறத்தது அவ்வளவாகத் தெரியாது, கொஞ்சம் பருமன், சட்டென்று உடையும். தட்டைச் சாப்பிடும்போது கழற்றலாம், ஆனால் நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாயில் இருக்க வேண்டும், சோம்பேறிகளுக்கு ஆகாது. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டேன். பிறகு உன் படத்தைக் காட்டினேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மேல் வரிசையில் முன்பல் நான்குக்கும் வேர் பாதிதான் இருக்கிறது என்றார். எனக்குப் புரியட்டும் என்று சீட்டில் ஒரு பல் வரைந்தார். பல் எலும்பில் அடித்த ஆணி இல்லையாம். மெல்லத் தள்ளினால் தள்ளுகிற பக்கம் எலும்பு கரைந்து வழி விடும், விட்டுவந்த பக்கம் புது எலும்பு ஊறும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதனால்தான் மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் கம்பியைத் தொடுகிறார்கள். அவசரப்பட்டு அழுத்தினால் எலும்போடு வேரும் நுனியிலிருந்து கரைய ஆரம்பித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்படிக் கரைந்த வேர் திரும்ப வளராது. சின்ன வயதில் விழுந்து அடிபட்டதா என்று கேட்டார், இல்லை என்றேன். முன்பே கிளிப் போட்டிருக்கிறதா, யார் பார்த்தது என்று கேட்டார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். குடையை அங்கேயே வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டு, அளவு எடுக்கிறதைக் கொஞ்சம் தள்ளிப்போடு, இங்கே ஒருத்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் சரிப்பா என்றாய்.

உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடுகிறாய் என்று பதிமூன்று வயதில் கிளிப் போட்டோம். மாதம் ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்துபோன டாக்டர் பாதியில் வராமல் நின்றுவிட்டார், உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் வருவார் என்று கம்பவுண்டர் நான்கு மாதம் சொன்னார். பள்ளியில் குரூப் போட்டோ எடுப்பதற்குள் சரியாகிவிடுமா என்று நீ கேட்டுக் கேட்டு அழுதாய். ஒருநாள் டார்ச் அடித்து உன் வாயைப் பார்த்தேன். நான் அங்கே பார்த்தது பல்லை இல்லை கண்ணு, ஒரு கம்பி, அதைப் பிடித்து நிறுத்துகிற மெல்லிய கட்டு, அவ்வளவுதான். இதென்ன பிரமாதம், தினமும் இதைவிடப் பொடி வேலை பார்க்கிறவன்தானே என்று நினைத்தேன். நுனி மெலிந்த குறட்டை வெந்நீரில் போட்டெடுத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் கட்டுக்கம்பியை அரைச் சுற்று முறுக்கினேன். மூன்றாம் வாரம் அரை போதாது என்று ஒரு சுற்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், டாக்டர் வரட்டும் என்றாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலிக்கிறதா என்று உன்னைக் கேட்டேன். “இல்லப்பா, இன்னும் கொஞ்சம் முறுக்குங்க” என்றாய். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது, அதைப் பார்த்துக்கொண்டேதான் முறுக்கினேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நூலை இறுக்குகிற திருகாணியை ரொம்ப முறுக்காதீர்கள், நூல் அறுந்துபோகும் என்று முப்பது வருடமாகச் சொல்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

பல் நேரானது, அதுதான் கொடுமை. குரூப் போட்டோவில் நீ ஒருத்திதான் பல் தெரியச் சிரித்திருக்கிறாய். புது டாக்டர் வந்து பார்த்துவிட்டு இவ்வளவு சீக்கிரமா என்று ஆச்சரியப்பட்டார், லேசாக ஆடுகிறது, போகப்போக உறுதிப்படும் என்று கிளிப்பைக் கழற்றினார், பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க ஒரு தட்டும் கொடுத்தார். அன்றைக்கு நாம் அவர் அறைக்குள் போவதற்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உன் காதில் நான் சொன்னது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. “வீட்டுல செஞ்சதை டாக்டர்கிட்ட சொல்லிடாதம்மா, அப்பாவைத் திட்டுவாரு” என்றேன். நீ தலையாட்டினாய். இப்போது அங்கே உன் டாக்டரும் நடுவில் வேறு யாராவது கை வைத்தார்களா என்று கேட்டாராம், இல்லை என்று சொல்லிவிட்டேன் என்று போனில் நீயே சொன்னாய். மறந்துபோய்ச் சொன்னாய் என்று நான் நம்பவில்லை. பத்தொன்பது வருடமாக அப்பா திட்டு வாங்காமல் பார்த்துக்கொள்கிறாய். அதற்கு நான் செய்த கைம்மாறு என்ன? விடுதியில் அந்தத் தட்டைக் கைக்குட்டையில் சுற்றி எங்கேயோ தொலைத்தாய், பல் மறுபடி கோணியது, வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் அலட்சியம்தான் என்று இடித்துக் காட்டினேன். உன் கல்யாணப் படத்தைப் பார்த்துக்கூட, தட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் இப்படி வாயை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டியிருக்குமா என்றேன். பல் கோணியதற்கு வேண்டுமானால் தட்டு காரணம். வேர் போனதற்கு நீ காரணம் இல்லை. மன்னித்துவிடு என்று எழுதக் கை போகிறது, எழுதி என்ன, நீ மன்னித்தால் வேர் முளைக்குமா.

மறுநாள் திரும்பப் போய் டாக்டரம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: மூன்றில் எதுவும் வேண்டாம். தட்டில் அழுத்தம் லேசுதான் என்று யாராவது சொன்னாலும் தலையாட்டிவிடாதே. ஒரு தடவை கரைந்த வேரை மறுபடி சீண்டினால் இன்னும் கரையலாம், அப்புறம் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. பல்லுக்குப் பின்னால் சன்னமான ஒரு கம்பியை ஒட்டி நான்கையும் ஒன்றாக நிறுத்தி வைக்கலாமா என்று உன் டாக்டரைக் கேட்கச் சொன்னார். ஈறு சுத்தமாக இருக்க வேண்டும், முன்பல்லால் எதையும் கடித்து இழுக்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்தால் எத்தனை வருடம் நிற்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். மருந்து, ஊசி ஏதாவது என்றேன், இல்லை என்றார். என் பல் நான்கையும் எடுத்து அவளுக்கு வைக்க வழி உண்டா என்றுகூடக் கேட்டுவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். அதைக் கேட்கவில்லை. “அவ வந்தா இனிமே எல்லாத்தையும் நல்லா வேகவெச்சுக் குடுக்கணும்” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உனக்கு ஆறுதலாக நாலு வரி எழுதலாம் என்று பார்க்கிறேன், எதை எழுதினாலும் அது எனக்குச் சொல்லிக்கொள்கிற ஆறுதலாகத்தான் இருக்கிறது. நல்லது நினைத்துத்தானே செய்தீர்கள் என்று நீ சொல்லுவாய், தெரியும். தயவுசெய்து சொல்லாதே.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டு, மறைக்காதே. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற படிவத்தில், பல்லுக்கு முன்பு சிகிச்சை செய்தவர் யார் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அந்த வெளியூர் டாக்டரை எழுதாதே, அவர் பாவம், அவர் கை பட்டவரை உன் வேர் நன்றாகத்தான் இருந்திருக்கும். அப்பா என்று எழுது. தொழில் கேட்டால் தையல் மெஷின் மெக்கானிக் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா