கணக்கில் இருந்த பெயர்

தெகிவளை
பெப்ரவரி 17

அன்புள்ள கிறிஸ்தோப்பர் அண்ணைக்கு,

என் அறையின் விலாசத்தை அந்த மூன்று பேருக்கும் கொடுத்தது நீங்கள்தான். ஒழுங்கை, மாடிப்படி, பச்சைக் கதவு வரை சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். போன வருடம் கண் மங்கிய அம்மாவை வைத்தியத்துக்குக் கூட்டிவந்த உங்களைத் தவிர, அந்தக் கதவு பச்சை என்பது ஊரில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

சுகமாக இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் முறை. என் இடது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. வலது கை நன்றாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். என் போன் இலக்கத்தை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தபாலை அப்படித் தடுக்க ஏலாது.

அவர்கள் மத்தியானம் வந்தார்கள். நான் தலை தோய்ந்துவிட்டு நின்றேன். கதவைத் தட்டி, சுருவிலிலிருந்து வருகிறோம், அண்ணை அனுப்பினவர் என்றார்கள். தெரியாத ஆளுக்கு நான் கதவு திறப்பதில்லை. உங்கள் பெயரைக் கேட்டுத் திறந்தேன். செருப்பை வெளியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள், சாவு வீட்டுக்கு வருவது போல. பிறகு நடந்ததைத் தங்கைக்கும் அண்ணனுக்கும் நடுவில் எழுத முடியாது. முடிவில் என்னை முழங்காலில் இருத்தி, நான் கள்ளி, காசு வாங்கி ஏமாற்றினேன் என்று சொல்லவைத்துப் படம் எடுத்தார்கள். ஊர் வட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பார்த்தது அதைத்தான். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் என்ன செய்து பிழைக்கிறேன் என்பது இப்போது குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் தெரிந்துவிட்டது. அழகு நிலையத்தில் வேலை என்று சொன்னது பொய். ஆண்கள் நேரம் பேசி வருகிறார்கள், அதற்குக் காசு வாங்குகிறேன். என் மகள் நிலக்சனாவின் தகப்பன் போனவன் போனவன்தான். பிள்ளைக்குப் பாலும் அம்மாவுக்கு மருந்தும் உங்கள் படகுக்கு எஞ்சினும் வேறு எப்படி வந்தன என்று நினைத்தீர்கள்? நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் உங்களுக்கு வசதி. நான் என் உடம்பை வைத்து உழைக்கிறேன், வேறு யாரும் என்னை வைத்து உழைக்கவில்லை. அதற்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், நான் தாங்குவேன். கள்ளி என்ற பெயரை மட்டும் தாங்கமாட்டேன், ஏனென்றால் அது பொய்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் ஒரு இணையத் தளத்தில் விளம்பரம் போட்டிருந்தேன். முகம் தெரியாத படங்கள், என் சொந்த வசனங்கள், கடைசியில் முற்பணம் வாங்குவதில்லை என்று ஒரு வரி. அந்தப் படங்களையும் வசனங்களையும் வேறொரு தளத்துக்காரர் அப்படியே எடுத்தார்கள். பெயரை மாற்றி, ஊரை யாழ்ப்பாணம் என்று போட்டு, தங்கள் இலக்கத்தைக் கொடுத்தார்கள். முற்பணம் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டார்கள். அழைப்பவனிடம் முதலில் முற்பணம். பிறகு அறைக்கு, பாதுகாப்புக்கு என்று இன்னும். அவன் விடுதி வாசலில் காத்து நிற்கும்போது, பொலிசுக்கும் வீட்டுக்கும் சொல்லிவிடுவோம் என்று மிரட்டி மேலும் கொஞ்சம். அதோடு இலக்கம் வேலை செய்யாது. அவனிடம் மிஞ்சுவது என் படம்.

என்னுடன் இதே வேலை செய்யும் ஒருத்திதான் காட்டித் தந்தாள். அவளுடைய படம் அங்கே மூன்று பெயரில் இருந்தது. என் படத்தை எடுக்கும்படி நான் அந்தத் தளத்துக்கு எழுதினேன். படம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அனுப்பினேன்.

முட்டாள் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. ஆனால் பண்ணைப் பாலத்தில் நேவிக்காரன் கை நீட்ட முன்பே அட்டையை எடுத்து நீட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். அட்டையைக் கொடுத்து, துண்டுச் சீட்டு வாங்கி, பின்னேரம் துண்டைக் கொடுத்து அட்டையை வாங்கி வீட்டுக்குப் போனவர்கள். அப்பா குளிக்கப் போகும்போதும் அதைப் பொலித்தீனில் சுற்றிச் சாரத்தில் செருகியிருப்பார். அட்டை கேட்பவன் யார் என்று திருப்பிக் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்கள் கேட்டார்கள், நான் நீட்டினேன்.

படத்தை அவர்கள் எடுக்கவில்லை. என் அட்டையையும் பக்கத்தில் போட்டு, இவர் உறுதிசெய்யப்பட்டவர் என்று பச்சைக் குறி வைத்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் அதிகம் பேர் நம்பிப் பணம் கட்டியிருக்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது எங்கள் சுருவில் வீட்டு விலாசம். அப்படிப் பணம் கட்டி ஏமாந்த, வேலணையில் எஞ்சின் திருத்துகிற வசீகரன் இன்னும் இரண்டு பேரோடு நேரே உங்கள் படலை வாசலுக்கு வந்தது அப்படித்தான்.

அவனை ஏன் நீங்கள் தடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஞாயிறு பூசை முடிய அவன் மாதா கோவில் வாசலில் சத்தம் போட்டால் மீனவர் சங்கம் விசாரிக்கும். விசாரணை முடியும்வரை உங்கள் படகு கடலில் இறங்க ஏலாது. அதோடு வசீகரன் கை வைக்காவிட்டால் ஊரில் பாதி எஞ்சின் ஓடாது. படகைக் காப்பாற்ற என்னைக் கொடுத்தீர்கள். நண்டுக் காலம், விளங்குகிறது.

ஒன்றுதான் விளங்காமல் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் ஏமாற்றினேன் என்று எப்படி நம்பினீர்கள்? முந்தநாள் அம்மா பக்கத்து வீட்டுப் போனில் என்னை அழைத்தார். எஞ்சின் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து அவர்களுக்குத் தானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததைச் சொல்லி அழுதார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“வசீகரன் காசு போட்ட துண்டைப் போனிலை காட்டினவன் பிள்ளை. கொண்ணன் வாங்கி வாசிச்சவன். இது என்ர தங்கச்சியின்ர பேர் இல்லை, ஆரோ ஒருத்தன்ர பேரெண்டு சொன்னவன். சொல்லிப்போட்டுத்தான் விலாசத்தைக் குடுத்தவன்.”

அப்படியென்றால் நீங்கள் நம்பவில்லை. காசு போனது வேறொருவனின் கணக்குக்கு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பச்சைக் கதவைச் சொன்னீர்கள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அடித்தவர்களைப் பற்றி முறையிடப் பொலிசுக்குப் போனேன். அங்கே ஒருவர் தன் போனில் அந்தத் தளத்தைத் திறந்து, என் படத்தைப் பக்கத்து மேசைக்காரருக்குக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். என் அட்டை இலக்கத்தின் மேல் ஏற்கெனவே மோசடி முறைப்பாடுகள் இருந்தன, எனக்குத் தெரியாத ஆட்கள் கொடுத்தவை. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு என்னைக் கேட்கச் சொன்னார்கள். அவர் கேட்டார்: “படம் உம்மடை. அட்டை உம்மடை. அப்ப எது உம்மடை இல்லை?”

தொலைபேசி இலக்கமும் வங்கிக் கணக்கும் என்னுடையவை இல்லை என்றேன். அதை நீதிமன்றத்தில் சொல்லும் என்றார். அடி வாங்கிவிட்டுப் போனவள் நான், குற்றவாளியாகப் பெயர் பதிந்து அனுப்பினார்கள். பொலிசு வசீகரனைக் கேட்டதற்கு, தான் கொழும்புக்கே போகவில்லை, எந்தப் பெண்ணுக்கும் காசு போடவுமில்லை என்று சொல்லியிருக்கிறான். முறைப்பாடு கொடுத்த மற்றவர்களும் நீதிமன்றத்தில் பெயர் வெளியில் வரும் என்று பயந்து, காசு போட்ட துண்டைக் காட்ட மறுக்கிறார்கள். ஏமாந்தவனுக்கு வெட்கம், ஏமாற்றியவனுக்கு ஒன்றுமில்லை, நடுவில் என் படம்.

எனக்காக நிற்கும் சட்டத்தரணி ஒரு பெண். காசு யாரின் கணக்குக்குப் போனது என்று கண்ணால் கண்ட ஒருவர் வந்து சொன்னால், அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கும்படி நீதவானைக் கேட்கலாம் என்கிறார். இல்லையென்றால் நான் உள்ளே போகவும் கூடும். கண்ட ஆள் நீங்கள் ஒருவர்தான். மார்ச் மாதக் கடைசியில் வழக்கு. வாருங்கள் அண்ணை. என் தொழிலைப் பற்றி நல்லது சொல்ல வேண்டாம். கண்டதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
மேரிசுகந்தி


தெகிவளை
மார்ச் 11

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்ததற்கு நீங்கள் கையெழுத்து வைத்த அட்டை எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. பதில் வரவில்லை.

கட்டு அவிழ்த்தாயிற்று. விரல் மடங்குகிறது, வாளி தூக்க முடியாது. வீட்டுக்காரர் அறையை விடச் சொல்லிவிட்டார். கூட வேலை செய்கிறவள் தன் அறையில் ஒரு பாய் போட்டுத் தந்திருக்கிறாள். ஒரு நாள் நாங்கள் இருவரும் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தோம். நான் இப்போது திருகோணமலையில் இருக்கிறேனாம், வயது இருபத்திரண்டாம். அவள் சிரித்து, “உனக்கு வயசு குறைஞ்சுகொண்டு போகுதடி, இன்னும் கொஞ்ச நாளிலை பள்ளிக்கூடம் போவாய்” என்றாள். சிரிக்கும்போது பல் இல்லாத இடம் குளிர்கிறது.

நிலக்சனாவை, நற்கருணைக்கு ஆயத்தம் செய்யும் முதல் நன்மை வகுப்பில் எல்லாருக்கும் பின்னால் கடைசி வாங்கிலில் இருத்தியிருக்கிறார்களாம். உடுப்புத் தைக்க அவசரமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ரீச்சர் சொன்னாராம். அம்மா சொன்னார். அதைக் கேட்டு நான் அழவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்: “அம்மம்மா, அம்மா ஆரின்ரையோ காசைக் களவெடுத்தவவோ?” அவளுக்கு ஒன்பது வயது. என் தொழில் அவளுக்கு விளங்காது, களவு விளங்கும். நீங்கள் பக்கத்தில் வலையில் நண்டு கழற்றிக்கொண்டு இருந்தீர்களாம். தலை நிமிரவில்லையாம்.

அந்த இடத்தில் வாய் திறந்து, இல்லைப் பிள்ளை, உன்ரை கொம்மா எடுக்கேல்லை என்று சொல்ல உங்களுக்கு என்ன செலவு? சங்கம் அங்கே இல்லை. வசீகரன் அங்கே இல்லை. ஒரு பிள்ளையும் கிழவியும் மட்டும்தான் இருந்தார்கள்.

கொழும்புக்கு வர உங்களால் ஏலாது என்று வைத்துக்கொள்கிறேன். சாட்சிக் கூண்டும் வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். வசீகரன் மேல் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம், அவன் எஞ்சின்களைத் திருத்திக்கொண்டே இருக்கட்டும். முத்திரை ஒட்டி, சட்டத்தரணியின் விலாசம் எழுதிய உறை ஒன்றை இதற்குள் வைத்திருக்கிறேன். ஒரு தாளில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும், உங்கள் பெயர்கூடப் போட வேண்டாம்.

அம்மாவுக்குக் கண் மருந்து தவறாமல் விடுங்கள். பிள்ளைக்குத் தலை வாரும்போது இழுக்க வேண்டாம் என்று மச்சாளிடம் சொல்லுங்கள், அவளுக்கு உச்சி நோகும். கச்சான் காற்றுக்கு முன் படகின் அடிப்பலகையைப் பாருங்கள். கடலில் நீங்கள் நிற்கும் பொழுதெல்லாம் மாதா துணை நிற்கட்டும். இதை மனதார எழுதுகிறேன், நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

அன்றைக்கு நீங்கள் வசீகரனின் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்திருப்பீர்கள். உங்கள் வாசிப்பு எனக்குத் தெரியும். வாசித்ததை நீங்கள் மறக்கிற ஆளில்லை.

அந்தப் பெயர் என்ன, அண்ணை?

மேரிசுகந்தி