எக்காலத்திலும்

என் தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் சுகம். நம் குட்டிப்பெண் கடுகுக்குச் சளி விட்டது. வாய் மட்டும் குறையவில்லை, அது உன் ரத்தம்.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. அதைப் பார்த்து உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதினெட்டாம் தேதிக்குள் அனுப்பச் சொன்னார் உன் அத்தான். சொல்லிவிட்டேன். இனி எழுதப்போவது அவருக்குத் தெரியாது. போனில் என்றால் நீ அழுவாய், நான் பாதியை முழுங்கிவிடுவேன்.

கோர்ட் வாசல் கடையில் பன்னிரண்டு வருஷமாக டைப் அடிக்கிறேன். ‘எக்காலத்திலும்’, ‘திரும்பப் பெற இயலாத வகையில்’, ‘எவ்வித பாத்தியதையும் இன்றி’ என்பதெல்லாம் வாய் ஊர்க்கதை பேசும்போதே விரல் தானாக அடித்துவிடும். உன் தாளையும் அப்படித்தான் அடிக்க உட்கார்ந்தேன். ‘இக்குழந்தையின் மீது எக்காலத்திலும்’ என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. என்னம்மா, கரண்ட் போயிடுச்சா என்று முதலாளி கேட்டார். மூன்று தடவை பிழை விட்டேன்.

போன வாரம் நம் தத்து மனு விசாரணையில் நீதிபதி அம்மா கேட்டார், தத்துக் கொடுத்தபின் மனசு மாறினால் திரும்பக் கேட்க முடியாது என்று பெற்றவளுக்குத் தெரியுமா என்று. நல்லாத் தெரியும் என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். கறந்த பால் மடி ஏறாதடி. அதனால்தான் இதை இப்போதே சொல்கிறேன்.

நீயாகத்தான் சொன்னாய். அவ என்னை மறந்துட்டாக்கா, இனி எதுக்குக் குழப்பணும், உன்கிட்டயே இருக்கட்டும் என்றாய். உன்னை அப்படி நினைக்க வைத்தது நான். அவள் என்னைத் தேடுறாளா என்று நீ கேட்டபோதெல்லாம், சேச்சே, அவ பாட்டுக்கு விளையாடறா என்றேன். பச்சைப் பொய். நீ போனை வைத்ததும் என் போனைத் திருப்பிப் பின்பக்கம் உன்னைத் தேடுகிறாள். கதவைத் திறக்கச் சொல்லி என் சேலையை இழுக்கிறாள். அவள் தூங்குகிறாள் என்று நான் சொன்ன பாதி நாள், உன் அத்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்றிருந்தார். நான்தான் போகச் சொன்னேன்.

எனக்கு வயிறு எரிந்தது. என்னை அம்மா என்று கூப்பிட்ட வாயால் உன்னையும் கூப்பிட்டுவிடுவாளோ என்று பயந்தேன். உனக்கு ஒரு பிள்ளை போனால் இன்னொன்று பிறக்கும் என்றுகூட நினைத்தேன். நான் எவ்வளவு கேவலமானவள், பார்த்துக்கொள்.

அந்தத் தாளை இப்போது எழுதாதே. அவளை என்னிடம் விட்டுவிட்டு நீ வேலைக்குப் போன அந்த ஆஸ்பத்திரி லாண்டரியில் லீவு கேள். தராவிட்டால் அந்த வேலையும் வேண்டாம், வா. பத்து நாள் அவளோடு இரு. அதற்குப் பிறகும் எழுத மனசு வந்தால், என் பக்கத்தில் உட்கார்ந்து எழுது. மனசு வராவிட்டால் அவள் துணிமணியை நானே அடுக்கித் தருகிறேன். என் கதி என்ன என்று மட்டும் கேட்காதே.

ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேள். இதைக் கூரியரில் போட்டதும் என் மனசு மாறும். உனக்குப் போன் செய்து, அது ஏதோ கிறுக்கில் எழுதியது, கையெழுத்துப் போட்டு அனுப்புடி என்று கெஞ்சுவேன். காலில் விழுந்தாலும் விழுவேன். எடுக்காதே, கண்ணு. வந்துவிடு.

உன் அக்கா